சம்பளப் பட்டியலின் கையொப்ப நிரல் ஏன் வேறு தாளுக்குப் போகிறது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் வெவ்வேறு காரணங்களால் வரும் பல சிக்கல்கள் கலந்திருக்கின்றன. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறீர்கள். எக்செல்லில் தயாரித்த மாதச் சம்பளப் பட்டியல் திரையில் ஒழுங்காகத் தெரிகிறது. அச்சிட்டால் தேறிய சம்பளமும் கையொப்பமும் உள்ள கடைசி இரண்டு நிரல்கள் தனித் தாள்களில் விழுகின்றன, இரண்டாம் பக்கம் முதல் தலைப்பு நிரை வருவதில்லை, முடிவில் வெற்றுத் தாள்களும் வெளியே வருகின்றன. வீட்டு அச்சுப்பொறியில் ஓரளவு சரியாக வந்த அதே கோப்பு அலுவலகத்தில் வேறு மாதிரி வருகிறது. எனவே அலுவலக அச்சுப்பொறியை மாற்றித் தரும்படி மேலாளரிடம் கேட்கலாமா என்று முடித்திருக்கிறீர்கள். அச்சுப்பொறியை மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஒரு பக்கம் எங்கே முடிகிறது என்பதை எக்செல் எவ்வாறு தீர்மானிக்கிறது என்று தெரிந்துகொண்டால், நீங்கள் சொன்ன அத்தனையையும் பேஜ் செட்டப் என்னும் பக்க அமைப்பிலேயே சரிசெய்துவிடலாம்.

இதை அழகு பற்றிய சிறு விடயமாக நான் பார்க்கவில்லை. கையொப்ப நிரல் மட்டும் தனித் தாளில் விழுந்தால், ஊழியர் ஒருவர் தம் பெயரும் தொகையும் இல்லாத வெறும் கட்டமொன்றில் கையொப்பமிடுகிறார். கணக்காய்வின்போது அந்தக் கையொப்பம் எந்தத் தொகைக்கு உரியது என்று எவராலும் காட்ட முடியாது. இரு தாள்களையும் பக்கத்தில் பக்கம் ஒட்டி வைப்பதும், அடிமட்டம் வைத்துக் கோடு இழுப்பதும் கொழும்பு அலுவலகங்களில் நான் அடிக்கடி கண்டவை. அந்த ஒட்டுவேலைக்குச் செலவிடும் நேரத்தில் அமைப்பை ஒரு தடவை சரிசெய்து வைத்தால் அடுத்த மாதங்களிலும் அதுவே உதவும்.

எக்செல்லின் பணித்தாளுக்கு இயல்பாகப் பக்கம் என்று ஒன்று கிடையாது. வேர்டில் நீங்கள் எழுதத் தொடங்கும்போதே தாளின் அகலம் உங்கள் முன்னால் இருக்கும். எக்செல்லில் வலப்புறமும் கீழ்ப்புறமும் கலங்கள் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். அச்சிடச் சொல்லும் கணத்தில்தான் அது தாளின் அளவு, ஓர விளிம்பு, சுருக்க விகிதம், தெரிவுசெய்யப்பட்ட அச்சுப்பொறியின் டிரைவர் (கணினியை அச்சுப்பொறியோடு பேசவைக்கும் மென்பொருள்) ஆகிய நான்கையும் வைத்து அந்தப் பெரும்பரப்பைத் துண்டுகளாக வெட்டுகிறது. ஆகவே இந்த நான்கையும் இதே ஒழுங்கில் பாருங்கள். பெரும்பாலானோர் மூன்றாவதாக வரவேண்டிய சுருக்க விகிதத்திலேயே தொடங்குகிறார்கள். அதனால் எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும், ஆனால் ஒன்றையும் வாசிக்க முடியாது.

தாளின் அளவில் தொடங்குவோம். இலங்கையில் நாம் வாங்கும் தாள் ஏ4. அது 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. அமெரிக்காவில் வழங்கும் லெட்டர் தாள் ஏறத்தாழ 216 மில்லிமீற்றர் அகலமும் 279 மில்லிமீற்றர் உயரமும் உடையது. இணையத்தில் இறக்கிய சம்பளப் பட்டியல் மாதிரிகள் பலவற்றில் தாள் லெட்டராகவே இருக்கும். அந்தக் கோப்பை நீங்கள் எவ்வளவு திருத்தினாலும் தாள் அளவு தானாக மாறாது. அகலத்தில் வேறுபாடு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர்தான் என்றாலும், விளிம்புவரை நிரம்பிய பட்டியலில் ஒரு நிரலின் ஓரக் கோட்டை விழுங்க அது போதும். சில அச்சுப்பொறிகள் லெட்டர் தாளை இடும்படி கேட்டு அப்படியே நின்றுவிடுவதும் இதனால்தான். பேஜ் லேஅவுட் பகுதியில் சைஸ் என்பதைத் திறந்து ஏ4 தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். எக்செல்லின் ஒப்ஷன்ஸில், அட்வான்ஸ்ட் என்பதன் கீழ், ஏ4 தாளுக்கும் லெட்டர் தாளுக்கும் இடையில் உள்ளடக்கத்தைத் தானாகச் சரிக்கட்டும் தெரிவொன்றும் இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருந்தால் தவறான தாள் அளவு வெளியே தெரியாமலேயே இருந்துவிடும். ஒரு கணினியில் சரியாக வந்த கோப்பு இன்னொன்றில் பிசகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அடுத்து விளிம்பும் தாளின் திசையும். எக்செல்லின் நோர்மல் விளிம்பு இடமும் வலமும் 0.7 அங்குலம், அதாவது ஏறத்தாழ 18 மில்லிமீற்றர். நெரோ என்பதில் அது 0.25 அங்குலமாக, 6 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகக் குறைகிறது. இதை ஏ4 தாளில் கணக்கிட்டுப் பார்த்தால், நிமிர்ந்த தாளில் நோர்மல் விளிம்புடன் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 174 மில்லிமீற்றர். நெரோ விளிம்புடன் 197. தாளைக் கிடையாக, லாண்ட்ஸ்கேப்பாக வைத்து நெரோ விளிம்பு கொடுத்தால் 284. உங்கள் பட்டியலில் தொடர் இலக்கம், பெயர், பதவி, அடிப்படைச் சம்பளம், கொடுப்பனவுகள், மேலதிக நேரம், சம்பளமற்ற விடுமுறைக் கழிப்பு, ஊழியர் சேமலாப நிதிக்கான 8 சதவீதம், முற்பணம், முதலாளி செலுத்தும் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 சதவீதம், தேறிய சம்பளம், கையொப்பம் என்று வரிசையாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இத்தனை நிரல்களை நிமிர்ந்த தாளில் எதிர்பார்ப்பது பொருத்தமில்லை. வியூ பகுதியில் பேஜ் லேஅவுட் என்னும் பார்வைக்கு மாறினால் மேலே அளவுகோல் ஒன்று தோன்றும். நிரலின் ஓரத்தைச் சுட்டியால் பிடித்தால் அதன் அகலத்தை அங்குலத்திலோ சென்ரிமீற்றரிலோ காட்டும். எல்லா நிரல்களையும் கூட்டி 330 மில்லிமீற்றர் வருகிறது என்று வைத்துக்கொண்டால், கிடைத்தாளில் 284ஐ 330ஆல் வகுக்க 86 சதவீதம் வருகிறது. 11 புள்ளி எழுத்து 9.5 புள்ளியாக அச்சாகும், வசதியாக வாசிக்கலாம். அதே பட்டியலை நிமிர்ந்த தாளில் அடக்கினால் 60 சதவீதத்துக்கு இறங்கி, எழுத்து 6.6 புள்ளியாகிவிடும். சுருக்குவதற்கு முன்னர் தாளின் திசையை முடிவுசெய்யும்படி நான் சொல்வது இதற்காகத்தான்.

இந்த இடத்தில் பட்டியலைப் பற்றியே ஒரு கருத்து. முதலாளி செலுத்தும் 12 சதவீதமும் 3 சதவீதமும் தேறிய சம்பளத்தின் கணக்கில் கழிபடுவதில்லை. ஊழியர் தம் பெயரில் எவ்வளவு செலுத்தப்படுகிறது என்பதைச் சம்பளத் துண்டில் காண்பது நல்லது. கையொப்பம் வாங்கும் பட்டியலிலும் அந்த நிரல்கள் இருந்தாக வேண்டுமா என்பதை உங்கள் நிறுவனம்தான் முடிவுசெய்ய வேண்டும். வேண்டாம் என்றால் அச்சிடுவதற்கு முன்னர் அவற்றை மறைத்து வையுங்கள். மறைந்த நிரல்கள் அச்சாவதில்லை, அகலமும் குறையும். ஒவ்வொரு மாதமும் மறைத்துத் திறந்துகொண்டிருக்காமல் இருக்க, வியூ பகுதியிலுள்ள கஸ்டம் வியூஸ் என்பதில் மறைந்த நிரல்களையும் அச்சு அமைப்புகளையும் சேர்த்து ஒரு பெயரில் சேமித்து வைக்கலாம். கோப்பின் எந்தப் பணித்தாளிலாவது ஃபோர்மட் அஸ் டேபிள் பயன்படுத்தியிருந்தால் அந்த வசதி இயங்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பிரிண்ட் ஏரியா. எது அச்சாக வேண்டும் என்று எக்செல்லுக்கு எல்லை வகுப்பது இது, எனக்கு மிகுந்த கவலை தருவதும் இதுதான். எல்லை வகுக்காவிட்டால் எக்செல் பயன்பட்ட கடைசிக் கலம்வரை அச்சிடும். உங்கள் வெற்றுத் தாள்கள் அவ்வாறு வருபவையாகவே தோன்றுகின்றன. கன்ட்ரோல் விசையுடன் என்ட் விசையை அழுத்திப் பாருங்கள். பட்டியல் 85ஆம் நிரையில் முடிந்திருக்க, தெரிவாகும் கலம் 500ஆம் நிரையில் இருந்தால், அங்கே ஏதோ எஞ்சியிருக்கிறது. யாரோ கோடுகளைக் கீழ்வரை இழுத்திருக்கலாம்; ஒரு கலத்தில் வெறும் இடைவெளி தட்டப்பட்டிருக்கலாம்; விடை வெறுமையாக வரும்படி எழுதிய சூத்திரத்தைத் தேவைக்கு மேல் நிரப்பியிருக்கலாம். அத்தகைய சூத்திரம் கண்ணுக்கு வெறுமையாகத் தெரிந்தாலும் எக்செல்லின் கணக்கில் அந்தக் கலம் வெறுமையானதன்று. அந்த நிரைகளை முழுவதுமாகத் தெரிவுசெய்து, வலச் சொடுக்கில் டிலீட் கொடுத்து, கோப்பைச் சேமித்துவிட்டு மறுபடி பாருங்கள். டிலீட் விசையை மட்டும் தட்டினால் உள்ளடக்கம் போகும். கோடும் நிறமும் அப்படியே இருக்கும்.

வெற்றுத் தாள்களைத் தவிர்க்கப் பிரிண்ட் ஏரியா வகுத்தவர்கள் பிறகு அதை மறந்துவிடுவதுண்டு, இழப்பு அங்கேதான் நேர்கிறது. வகுத்த எல்லைக்குள் ஒரு நிரையை இடையில் செருகினால் எல்லையும் சேர்ந்து விரியும். ஆனால் எல்லைக்குக் கீழே புதிதாக ஒரு பெயரைத் தட்டினால் எல்லை விரியாது. எந்த எச்சரிக்கையும் வராது. அந்த ஊழியரின் பெயர் அச்சில் இருக்காது. மாதத்தின் நடுவில் சேர்ந்த ஒருவர் சம்பளப் பட்டியலில் காணாமற்போவதற்கு இது ஒரு வழி. ஆகவே புதிய பெயர்களை எப்போதும் மொத்தக் கூட்டு நிரைக்கு மேலே நிரை செருகியே சேர்க்க வேண்டும் என்பதை உங்கள் பிரிவின் வழக்கமாக்குங்கள். அச்சிட்ட பின்னர் கடைசித் தாளில் மொத்தக் கூட்டு நிரை வந்திருக்கிறதா என்று பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு: கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இரண்டு தனிப்பகுதிகளைப் பிரிண்ட் ஏரியாவாக வகுத்தால் ஒவ்வொன்றும் தனித் தாளில்தான் அச்சாகும். உங்கள் கையொப்ப நிரல் தனியே போவதற்கு அகலம் காரணமில்லை என்று கண்டால், இந்த இடத்தையும் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் சுருக்க விகிதத்துக்கு வரவேண்டும். பேஜ் செட்டப் பெட்டியின் முதற் பகுதியில் அட்ஜஸ்ட் டு என்றும் ஃபிட் டு என்றும் இரண்டு தெரிவுகள் இருக்கும். ஃபிட் டு என்பதைத் தெரிவுசெய்தால் அகலத்துக்கு 1, உயரத்துக்கு 1 என்று இயல்பாகவே நிரம்பியிருக்கும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் 85 நிரைகளும் ஒரே தாளில் நெருக்கப்படும். அகலத்தில் 1ஐ வைத்துக்கொண்டு உயரப் பெட்டியிலுள்ள எண்ணை அழித்து வெறுமையாக விடுங்கள். அதன் பொருள், எல்லா நிரல்களும் ஒரு தாளின் அகலத்துக்குள் அடங்க வேண்டும், கீழே எத்தனை தாள்கள் ஆனாலும் ஆகட்டும் என்பது. உங்களுக்கு வேண்டியது சரியாக இதுவே. எக்செல் 2010 முதல், ஃபைல் பகுதியில் பிரிண்ட் என்று போனால், ஃபிட் ஓல் கொலம்ஸ் ஒன் வன் பேஜ் என்று இதே தெரிவு நேரடியாகவும் கிடைக்கிறது. ஃபிட் டு சுருக்குமே தவிர, சிறிய பட்டியலைத் தாள் நிறையப் பெரிதாக்காது. பெரிதாக்க வேண்டுமென்றால் அட்ஜஸ்ட் டு பெட்டியில் 100க்கு மேற்பட்ட எண்ணை, 400 வரை, நீங்களே கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பிரிவின் ஊழியர்களும் புதிய தாளில் தொடங்க வேண்டும் என்று நீங்களே பக்க முறிப்புகளை இட்டிருந்தால், ஃபிட் டு வேண்டாம். அந்தத் தெரிவின்போது கையால் இட்ட பக்க முறிப்புகள் கணக்கில் எடுக்கப்படுவதில்லை என்றே மைக்ரோசொஃப்ட்டின் வழிகாட்டல் சொல்கிறது. முன்னர் கணக்கிட்டதுபோல விகிதத்தைக் கண்டு, 86 வந்தால் 85 என்று அட்ஜஸ்ட் டு பெட்டியில் இடுங்கள். அந்த ஒரு சதவீதம் அச்சுப்பொறிக்கு அச்சுப்பொறி வரும் சிறு வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும். பேஜ் பிரேக் பிரிவியூ என்னும் பார்வையில் தானாக வந்த முறிப்புகள் நீல நிறப் புள்ளிக்கோடாகவும் நீங்கள் இட்டவை முழுக் கோடாகவும் தெரியும். அங்கே கோட்டை வலப்பக்கம் இழுத்துவிட்டால் எக்செல் சுருக்க விகிதத்தையே மாற்றிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எழுத்து திடீரென்று சிறுத்துப்போனால் முதலில் அட்ஜஸ்ட் டு பெட்டியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

எவ்வளவு வரை சுருக்கலாம் என்பதற்கு எக்செல்லில் விதி எதுவும் இல்லை. 10 சதவீதம்வரை அது இறங்கும். என் அனுபவத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமுள்ள பட்டியலை 70 சதவீதம்வரை கொண்டுபோகலாம். தமிழில் பெயர்கள் எழுதியிருந்தால் 80க்குக் கீழே போகாதீர்கள். இகர விசிறிக்கும் ஈகாரச் சுழிக்கும் உள்ள வேறுபாடு, மெய்யெழுத்தின் புள்ளி, னகரத்துக்கும் ணகரத்துக்கும் இடையிலுள்ள ஒரு சுழி ஆகியவை சிறிய எழுத்தில், அதிலும் டோனர் குறைந்த அச்சுப்பொறியில், ஒன்றோடொன்று கலந்துவிடும். சம்பளப் பட்டியலில் ஒருவரின் பெயர் தவறாக வாசிக்கப்படக் கூடாது. ஏ4 தாளில் முடியவில்லை என்றால் ஏ3 தாளில் அச்சிடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

எதுவும் முடியாமல் பட்டியல் இரண்டு தாள் அகலத்துக்குத்தான் வரும் என்றால், அப்போதும் பெயரில்லாத கையொப்பத் தாளைத் தவிர்க்க வழி உண்டு. பேஜ் லேஅவுட் பகுதியில் பிரிண்ட் டைட்டில்ஸ் என்பதைத் திறந்தால் இரண்டு பெட்டிகள் இருக்கும். மேலே திரும்ப வரவேண்டிய நிரைகளுக்கு ஒன்று, இடப்பக்கம் திரும்ப வரவேண்டிய நிரல்களுக்கு ஒன்று. இரண்டாவது பெட்டியில் தொடர் இலக்கமும் பெயரும் உள்ள நிரல்களைத் தெரிவுசெய்துவிட்டால், கையொப்ப நிரல் விழும் தாளிலும் அந்த இரண்டும் முன்னால் அச்சாகும். முதற் பெட்டியில் தலைப்பு நிரையைத் தெரிவுசெய்தால் எல்லாத் தாள்களிலும் தலைப்பு வரும். நீங்கள் கேட்ட இரண்டாவது சிக்கல் இத்துடன் தீர்ந்துவிடும். நிரைகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். முதலாம் நிரையிலுள்ள நிறுவனத்தின் பெயரையும் ஐந்தாம் நிரையிலுள்ள தலைப்பையும் மட்டும் தனித்தனியே பொறுக்கி எடுக்க முடியாது.

தலைப்பு நிரையை ஃபிரீஸ் பேன்ஸ் கொண்டு நிறுத்தி வைத்திருப்பதாகவும், இருந்தும் அச்சில் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எக்செல்லில் ஃபிரீஸ் பேன்ஸ் திரைக்கு மட்டுமே உரியது. அச்சுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஃபோர்மட் அஸ் டேபிள் கொடுத்த பட்டியலின் தலைப்பும் அவ்வாறே, கீழே உருட்டும்போது திரையில் நிற்கும், தாளில் திரும்ப வராது. கூகுள் ஷீட்ஸில் உறைய வைத்த நிரைகளையே ஒவ்வொரு தாளிலும் திரும்ப அச்சிடும் தெரிவு இருப்பதால், இரண்டையும் பயன்படுத்துவோர் இங்கே தடுமாறுவது இயல்பு. மற்றொரு தடங்கலையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஃபைல், பிரிண்ட் வழியாகப் போய் அங்கிருந்து பேஜ் செட்டப்பைத் திறந்தால், பிரிண்ட் ஏரியாவும் இந்த இரண்டு பெட்டிகளும் மங்கலாகிச் செயற்படாமல் இருக்கும். கோப்பு பழுதாகிவிட்டது என்று எண்ணாமல், வெளியே வந்து பேஜ் லேஅவுட் பகுதியிலிருந்து திறங்கள்.

வீட்டில் ஒரு மாதிரியும் அலுவலகத்தில் வேறு மாதிரியும் வருவது பற்றி. எக்செல் பக்கங்களை வெட்டும்போது தெரிவாகியுள்ள அச்சுப்பொறியின் டிரைவரிடம் அளவுகளைக் கேட்டே வெட்டுகிறது. ஒவ்வோர் அச்சுப்பொறிக்கும் தாளின் ஓரத்தில் மை படாத சில மில்லிமீற்றர் இருக்கும்; அந்த அளவு பொறிக்குப் பொறி மாறும். ஆகவே முன்னோட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னர் எந்த அச்சுப்பொறியில் அச்சிடப்போகிறீர்களோ அதைத் தெரிவுசெய்யுங்கள். வேறொன்றை வைத்துப் பார்த்த முன்னோட்டத்தை நம்ப முடியாது. இதுவரை சொன்னது உறுதியானது. அடுத்துச் சொல்வது உங்கள் விடயத்தில் என் ஊகம்: இரண்டு கணினிகளிலும் எக்செல் பதிப்புகள் வேறாக இருக்கலாம். நிரலின் அகலம் மில்லிமீற்றரில் சேமிக்கப்படுவதில்லை. நோர்மல் என்னும் பாணியின் எழுத்துருவில் எத்தனை இலக்கங்கள் அடங்கும் என்ற கணக்கிலேயே அது வைக்கப்படுகிறது. 2007 முதல் நெடுங்காலம் அந்த எழுத்துரு கலிப்ரியாக இருந்தது. 2023 முதல் மைக்ரோசொஃப்ட் 365இல் அது ஆப்டோஸ் நெரோவாக மாறியது. வீட்டில் புதிய பதிப்பில் உருவாக்கிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத பழைய பதிப்பில் திறந்தால், வேறோர் எழுத்துரு அதன் இடத்துக்கு வந்து அகலங்கள் எல்லாம் சற்று நகரும். கோப்பைத் திறந்து நோர்மல் பாணியின் எழுத்துருவை இரண்டு கணினிகளிலும் இருக்கும் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். ஊகம் சரியா என்று உடனே தெரிந்துவிடும்.

திரையில் தொகை தெரிந்து, அச்சில் மட்டும் அந்தக் கலம் முழுவதும் ஹேஷ் குறிகளாக வருவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சிக்கல். திரையின் புள்ளியடர்த்தியும் அச்சுப்பொறியின் புள்ளியடர்த்தியும் வேறு என்பதால், திரையில் மயிரிழையில் அடங்கிய எண் அச்சில் அடங்காமற் போகிறது. இலட்சங்களில் வரும் மொத்தக் கூட்டு நிரையில்தான் இதைப் பெரும்பாலும் காணலாம். நிரலை இரண்டு எழுத்தளவு அகலமாக்கிவிடுங்கள். மடக்கி எழுதிய கலத்தில் கடைசி வரி வெட்டுப்பட்டால் நிரையின் உயரத்தைக் கையால் சற்றுக் கூட்டுங்கள். தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துருக்களைவிட மேலும் கீழும் கூடுதல் இடம் கேட்பதால் தமிழ்ப் பட்டியல்களில் இது அடிக்கடி தேவைப்படும். பேஜ் செட்டப்பின் கடைசிப் பகுதியில் பிழை வரும் கலங்களை வெறுமையாக அச்சிடும் தெரிவொன்றும் இருக்கிறது. சம்பளப் பட்டியலில் அதைத் தொடாதீர்கள். பிழை தாளில் தெரிய வேண்டும், அப்போதுதான் யாராவது திருத்துவார்கள்.

கையொப்பம் வாங்கும் பட்டியலில் அடிக்குறிப்பாகப் பக்க எண்ணும் மொத்தப் பக்கங்களும் இருப்பது அவசியம் என்று கருதுகிறேன்; ஒரு தாள் தவறினால் உடனே தெரியும். ஹெடர் ஃபுட்டர் பகுதியில் அதற்கான பொத்தான்கள் உள்ளன. மேற்குறிப்பில் நிறுவனத்தின் பெயர், முகவரி, மாதம் என்று மூன்று வரிகள் இட்டால், மேல் விளிம்பையும் அதற்கேற்பக் கூட்டுங்கள். மேற்குறிப்பு 0.3 அங்குலத்தில் தொடங்குகிறது, பட்டியல் 0.75 அங்குலத்தில் தொடங்குகிறது. இடையிலுள்ள 11 மில்லிமீற்றரில் மூன்று வரிகள் அடங்கவில்லையென்றால் எழுத்துகள் பட்டியலின் மேல் ஏறிவிடும்.

ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு பணித்தாள்கள் ஒரே கோப்பில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பேஜ் செட்டப் ஒவ்வொரு பணித்தாளுக்கும் தனித்தனியானது. முதல் தாவலைச் சொடுக்கி, ஷிஃப்ட் விசையுடன் கடைசித் தாவலைச் சொடுக்கினால் அனைத்தும் ஒன்றாகத் தெரிவாகும்; அப்போது தாள் அளவு, திசை, விளிம்பு, விகிதம் ஆகியவற்றை ஒரே தடவையில் கொடுக்கலாம். திரும்ப வரும் நிரைகளையும் நிரல்களையும் இவ்வாறு கொடுக்க முடியாது. வேலை முடிந்ததும் தாவலில் வலச் சொடுக்கு செய்து அன்குரூப் கொடுக்கத் தவறாதீர்கள். தவறினால், ஜூலையில் நீங்கள் தட்டும் ஒரு தொகை பன்னிரண்டு மாதங்களிலும் அதே கலத்தில் போய் உட்காரும், பழைய தொகைகள் அழிந்துவிடும். என்னைக் கேட்டால், ஒரு மாதத்தின் பணித்தாளை முழுவதுமாகச் சரிசெய்துவிட்டு, அடுத்த மாதத்துக்கு மூவ் ஓர் கொப்பி மூலம் அதைப் பிரதி எடுப்பதே மேல். அச்சு அமைப்புகள் யாவும் கூடவே வந்துவிடும்.

அலுவலக அச்சுப்பொறி இயங்காத நாளில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கொமியூனிகேஷன் கடையொன்றில் அச்சிடுவதானால், எக்செல் கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். அந்தக் கணினியின் அச்சுப்பொறியும் எழுத்துருக்களும் வேறு என்பதால் இதுவரை செய்த அத்தனையும் குலைந்துவிடலாம். பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். உங்கள் கணினியிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்து, எல்லாப் பக்கங்களையும் திறந்து பார்த்து, அதைக் கொண்டுபோங்கள். எழுத்துருக்கள் பொதுவாகக் கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும். அடொபி ரீடரில் அச்சிடும்போது அக்சுவல் சைஸ் என்பதைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். ஃபிட் என்று இருந்தால் நீங்கள் ஒரு தடவை சுருக்கியது அங்கே மறுபடியும் சுருங்கும். சம்பள விபரங்கள் அடங்கிய கோப்பு என்பதால், அச்சிட்டு முடிந்ததும் கடைக் கணினியிலிருந்து அதை அழித்துவிட்டு வருவதும் உங்கள் பொறுப்பு.

உங்கள் கோப்பை நான் பார்க்கவில்லை; ஆகவே வெற்றுத் தாள்கள் எஞ்சிய கோடுகளால் வருகின்றனவா, சூத்திரத்தால் வருகின்றனவா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. கன்ட்ரோல் என்ட் சோதனைதான் அதைச் சொல்லும். அச்சுப்பொறியின் டிரைவரே பழுதாகியிருக்கும் வாய்ப்பு குறைவு, ஆனாலும் இல்லாமலில்லை. பிடிஎஃப் ஆகச் சேமித்ததில் பக்கங்கள் சரியாக இருந்து, அதே பிடிஎஃப் அலுவலக அச்சுப்பொறியில் மட்டும் ஓரம் வெட்டுப்பட்டு வந்தால், அப்போது டிரைவரையும் அந்தப் பொறியில் இட்டிருக்கும் தாளின் அளவையும் சந்தேகிக்கலாம். பிடிஎஃப்பிலேயே கையொப்ப நிரல் வேறு பக்கத்தில் இருந்தால் காரணம் எக்செல்லுக்குள்தான் இருக்கிறது. பார்த்த பின்னரும் தீரவில்லை என்றால், கன்ட்ரோல் என்ட் எந்தக் கலத்தில் போய் நின்றது, அட்ஜஸ்ட் டு பெட்டியில் இருந்த எண், தாள் அளவு, இரண்டு கணினிகளிலும் உள்ள எக்செல் பதிப்புகள் ஆகியவற்றை எழுதுங்கள். ஊழியர்களின் பெயரும் தொகையும் தெரியும் படங்களை இங்கே பதிவிட வேண்டாம்.